ஆடிக் காற்றில் ஒரு தட்டு

அக்கா பையன் போன் பண்ணினான்.

"மாமா, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"

ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனிடம் கேட்கக்கூடாத கேள்வி. எங்கள் உத்தியோகத்தின் பெயரிலேயே பாதி ஃப்ரீதான். ஞாயிறு என்ன, செவ்வாய், புதன்கூட ஃப்ரீ என்பதை நாங்கள் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

"என்னடா விஷயம்?"

"டீம்ல ஒரு ஆள் குறையுது. நீங்க சும்மா வந்து நின்னா போதும்."

"எதுக்கு? குரூப் போட்டோவா?"

"ஃப்ரிஸ்பி மாமா. அல்டிமேட் ஃப்ரிஸ்பி."

இது நடந்தது வைகாசியில். வயது முப்பத்தாறு. படிப்பு பி.காம். சி.ஏ. இன்டரில் மூன்று முறை கஜினி முகமது மாதிரி படையெடுத்துவிட்டு, அவரைப்போல ஜெயிக்காமல் ஓய்ந்தவன். கடைசியாக ஓடியது ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்க. இந்தத் தகுதிகளோடு ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிட மணலில், காலை ஐந்தே முக்காலுக்குப் போய் நின்றேன்.

கொள்ளிடத்தை உங்களுக்குத் தெரியும். காவிரியில் தண்ணீர் ஓடும்போதுகூட இந்தப் பக்கம் பெரும்பாலும் மணல்தான். மேட்டூர் நிரம்பி வழிந்தால் மட்டும் மொத்தக் கோபத்தையும் இங்கே காட்டும். 2018 ஆகஸ்டில் பழைய இரும்புப் பாலத்தை உடைத்ததும், முக்கொம்பில் மதகுகளை அடித்துக்கொண்டு போனதும் இதே நதிதான். மற்ற நாட்களில் சாது. வாடகை கேட்காத மைதானம். மணலில் ஓடினால் முன்னால் ஓர் அடி, பின்னால் அரை அடி. இரண்டே வாரத்தில் என் பெல்ட்டில் ஒரு ஓட்டை குறைந்தது.

டீமில் பையன்களும் உண்டு, பெண்களும் உண்டு. ஒரு பேங்க் தம்பி, ஒரு பாலிடெக்னிக், மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர், தில்லைநகரில் ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் பெண் என்று கலவையான கூட்டம். அக்கா பையன் புண்ணியத்தில் அத்தனை பேருக்கும் நான் 'மாமா'. ஆர்ட்டிகிள்ஷிப் பெண் மட்டும் 'சார்' என்பாள். ஆடிட்டர் ஆபீஸ் பழக்கம்.

ஆட்டம் ரொம்ப சிம்பிள் என்றார்கள். எல்லா ஆட்டத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். 175 கிராம் எடையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. நம் வீட்டு டிபன் தட்டு சைஸ். டீமுக்கு ஏழு பேர். நூறு மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரு கோடியிலும் 18 மீட்டருக்கு ஒரு கோல் பகுதி. தட்டைக் கை மாற்றி எறிந்துகொண்டே போய், கோல் பகுதிக்குள் நிற்கும் நம்மாள் பிடித்தால் ஒரு பாயின்ட். தட்டு கையில் இருக்கும்போது ஓடக்கூடாது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு அம்மன் கோயில் சிலை மாதிரி சுழலலாம். எதிரில் ஒருவன் நின்று "ஸ்டாலிங் ஒன், டூ..." என்று எண்ணுவான். பத்துக்குள் எறியவேண்டும். தட்டு கீழே விழுந்தாலோ, எல்லை தாண்டினாலோ, எதிராளி பறித்தாலோ அவர்கள் கைக்குப் போய்விடும். அதற்கு டர்ன்ஓவர் என்று பெயர்.

எங்கள் பி.காம். புத்தகத்தில் டர்ன்ஓவர் என்றால் விற்றுமுதல். எவ்வளவு அதிகமோ அவ்வளவு லாபம். அந்த நினைப்பிலேயே முதல் மாதம் ஆடினேன். கம்பெனியாக இருந்திருந்தால் எனக்கு விருது கொடுத்திருப்பார்கள்.

அமெரிக்காவில் ஃப்ரிஸ்பி என்றொரு பேக்கரி. அவர்களுடைய தகரத் தட்டைப் பையன்கள் வீசி விளையாடியதில் வந்த பெயர் அது. பிளாஸ்டிக் தட்டை 1957-லிருந்து ஒரு கம்பெனி விற்க ஆரம்பித்தது. 1968-ல் நியூ ஜெர்சியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்கள் இதை டீம் ஆட்டமாக ஆக்கினார்கள். அதில் முக்கியமான பையன் ஜோயல் சில்வர். பிற்பாடு 'டை ஹார்ட்', 'மேட்ரிக்ஸ்' படங்களைத் தயாரித்தவர். எதையாவது பறக்கவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும் அவருக்கு.

இந்த ஆட்டத்தில் என்னைக் கவர்ந்த விஷயம் வேறு. ரெஃப்ரி கிடையாது. உலகக் கோப்பை ஃபைனலில்கூட விசில் ஊதி ஃபவுல் கொடுக்கும் ஆள் இல்லை. தப்பு நடந்தால் ஆடுகிறவர்களே சொல்லிக்கொள்ளவேண்டும். கேட்டதும் சிரித்தேன். நம்ம ஊரில் இது எத்தனை நாளைக்கு நடக்கும் என்று நினைத்தேன். இது பின்னால் வரும்.

* * *

ஆடி பிறந்தது. அம்மியும் பறக்கும் என்பார்கள். 175 கிராம் தட்டு எந்த மூலைக்கு? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று திருச்சியில் தெருவில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போடும். அந்தக் காற்றில்தான் எங்களுக்கு மேட்ச் வந்தது. எதிரணி சென்னையிலிருந்து.

சென்னைக்காரர்களுக்கு இந்த ஆட்டம் புதிதல்ல. கடற்கரை மணலில் வருஷக்கணக்காக ஆடுகிறார்கள். அங்கே ஓர் அணியைப் பற்றி எடுத்த '175 கிராம்ஸ்' என்ற குறும்படம் 2015-ல் சன்டான்ஸ் வரை போயிருக்கிறது. கடல்காற்றில் பழகிய கைகள். நாங்களோ மணலுக்குப் பழகி, அன்று கட்டாந்தரையில் நின்றோம். ஒரு கல்லூரி மைதானம். புல் என்று பேருக்கு நாலு இருந்தது.

காற்றுக்கு எதிராக நாங்கள் ஆடவேண்டிய ஒவ்வொரு முறையும் அவர்கள் ஆளுக்கு ஆள் பிடிப்பதை விட்டுவிட்டு ஜோன் போட்டார்கள். அப்படியென்றால், 'இந்த ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதற்குப் பதில் 'இந்த இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்'. தட்டு வைத்திருப்பவனைச் சுற்றி மூன்று பேர். இதற்குக் கப் என்று பெயர். ஒருவர் முகத்துக்கு நேரே நின்று எண்ணுவார். மற்ற இருவர் சட்டப்படி மூன்று மீட்டர் தள்ளி, கையை விரித்துக்கொண்டு வழி அடைப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நடுவில் ஒருவர், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், கடைசியில் கோலுக்கு முன்னால் ஒருவர். ஆக ஏழு. "சக்கர வியூகம் மாமா" என்றான் பேங்க் தம்பி. அபிமன்யுவுக்கு என்ன ஆச்சு என்பது ஞாபகம் வந்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நான் ஹேண்ட்லர். பின்னால் நின்று தட்டைப் பிரித்துக் கொடுக்கிற வேலை. ரொம்ப ஓட முடியாத, ஆனால் எறியத் தெரிந்த ஆளுக்குக் கொடுக்கிற உத்தியோகம். மூன்று பேர் என்னைச் சூழ்ந்தார்கள். "ஸ்டாலிங் ஒன்... டூ..." என்று எண்ண ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு ஒரு சக்தி இருக்கிறது. எட்டு வந்தால் மூளை வேலைநிறுத்தம் செய்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு எல்லார் தலைக்கும் மேலே ஒரு லாங்.

காற்றுக்கு எதிரே எறியும்போது தட்டின் மூக்கு ஒரு துளி நிமிர்ந்திருந்தாலும் போதும், பட்டம் மாதிரி மேலே ஏறும். ஏறி, யோசித்து, எறிந்தவனிடமே திரும்பி வரப் பார்க்கும். என்னுடையது அப்படி ஏறி, அவர்களுடைய கடைசி ஆள் கையில் போய் உட்கார்ந்தது. பிரசாதம் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டான். அடுத்த முறை பேங்க் தம்பி. அவன் ஹாமர் ஸ்பெஷலிஸ்ட். சுத்தியலால் ஓங்கி அடிக்கிற மாதிரி எறிவது. தட்டு தலைகீழாகப் பறந்து கூட்டத்துக்கு மேலே போய் இறங்கும். காற்றில்லாத நாளில் அது பிரம்மாஸ்திரம். அன்று அது மைதானத்தைத் தாண்டி, ரோட்டோர இளநீர் வண்டிப் பக்கம் இறங்கியது.

பாதி ஆட்டம். 8-3. எட்டு அவர்கள்.

* * *

வேப்பமரத்தடியில் தண்ணீர் குடிக்கப் போனேன். அங்கே ஒரு பெரியவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மேல் ஒருக்களித்து உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்ட்டிகிள்ஷிப் பெண்ணின் அப்பா. அதிகாலையில் எழுந்து உறையூரிலிருந்து கொள்ளிடத்துக்கு மகள் எதற்காக ஓடுகிறாள் என்று நேரில் பார்த்து, ஒரு முடிவுக்கு வந்துவிடுவது என்று வந்திருக்கிறார். இதை அந்தப் பெண்ணே காலையில் என்னிடம் சொல்லியிருந்தாள். "அப்பா வர்றார் சார். இன்னியோட சரியோ என்னமோ."

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா?"

"சொல்லுங்க சார்."

"எம் பொண்ணு நடுவுல காலியாத்தானே நிக்குது? கையை வேற தூக்குது. ஒருத்தரும் தட்டைக் குடுக்க மாட்டேங்கறீங்களே, ஏன்?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது வந்து சார், அவங்க ஜோன் டிஃபென்ஸ்னு ஒண்ணு போடறாங்க..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். காலையில சத்திரத்துல ஏறுற கூட்டம் பாத்திருப்பீங்க. படியில பத்து பேர் தொங்குவான். பின்னாடி பத்து பேர் முட்டுவான். நடுவுல காத்து வாங்கும். 'நடுவுல எடம் இருக்கு, உள்ள போ, உள்ள போ'ன்னு கத்தியே என் தொண்டை போச்சு. உங்க ஆட்டமும் அப்படித்தான் இருக்கு."

நான் பாட்டிலை மூடினேன்.

"இன்னொண்ணு. கடைசி சீட்டுக்காரனுக்கு டிக்கெட்டு குடுக்கணும்னா தலைக்கு மேல தூக்கியா வீசுவேன்? பக்கத்துல நிக்கிறவன் கையில குடுப்பேன். அவன் அடுத்தவன் கையில குடுப்பான். சில்லறையும் அதே வழியில திரும்பி வந்துரும். நீங்க ஏன் தம்பி தூக்கித் தூக்கி வீசுறீங்க?"

உலகத்தில் ஜோன் டிஃபென்ஸை உடைப்பது பற்றி எத்தனையோ கோச்சுகள் மணிக்கணக்கில் பாடம் எடுக்கிறார்கள். சாரம் அவ்வளவுதான்.

ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் காலியாக நின்றது எனக்குத் தெரியாதா? தெரியும். மூன்று தடவை கண்ணால் பார்த்தேன். மூன்று தடவையும் அவளைத் தாண்டிப் பார்த்தேன். குள்ளமான பெண், காற்று வேறு, விட்டுவிட்டால்? இவ்வளவுதான் என் யோசனை. பிராக்டீஸில் அவளைவிட அதிகமாகத் தட்டை விட்டவன் நான் என்ற கணக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

முன்பு நான் ஒரு ஆபீசில் அக்கவுன்ட்ஸ் பார்த்தபோதும் இதே கதைதான். வருஷக் கடைசியில் டேலி ஆகாமல் ராத்திரி பத்து மணி வரை நாலு ஆண்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். தப்பு எங்கே என்று மூன்றாவது மேஜையில் இருந்த அம்மாவுக்கு மத்தியானமே தெரியும். "நீங்க யாரும் கேக்கலையே" என்றார் மறுநாள்.

டீம் கூடியபோது அந்தப் பெண் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "சார், நான் விட்டாலும் டர்ன்ஓவர்தான். நீங்க மேல தூக்கிப் போடறதும் டர்ன்ஓவர்தான். ஒரு தடவை என்கிட்ட குடுத்துட்டு அப்புறம் விட்டுட்டேன்னு திட்டுங்களேன்."

ஆடிட்டர் ஆவதற்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது.

* * *

தரையில் குச்சியால் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தோம். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது எங்கள் சாஸ்திரம். தட்டு வைத்திருக்கும் ஒருவனுக்கு அவர்கள் மூன்று பேரைச் செலவழிக்கிறார்கள். மீதி நாலு பேர். எங்களிடம் மீதி ஆறு பேர். எப்போதும் இரண்டு பேர் காலியாக இருந்தே ஆகவேண்டும். எங்கே? ஒருவர், என் பக்கத்திலேயே கொஞ்சம் பின்னால் நிற்கும் இன்னொரு ஹேண்ட்லர். முன்னாலேயே பார்க்கிறவனுக்கு அவர் தெரியமாட்டார். இன்னொருவர் நடுவில். அங்கே அவர்களுக்கு ஓர் ஆள். எங்களுக்கு இரண்டு பாப்பர்கள். அவர் ஒருத்தரிடம் போனால் மற்றவர் ஃப்ரீ.

முடிவு செய்தது மூன்று விஷயம்.

ஒன்று, ஹேண்ட்லர்கள் மூன்று பேர் வரிசையாக நிற்பது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், தேவைப்பட்டால் பின்னாலும் கொடுப்பது. பின்னால் கொடுப்பது அவமானமில்லை. தட்டு ஓடுகிற வேகத்துக்கு மனுஷன் ஓடமுடியாது. கப்பில் இருக்கிற மூன்று பேரும் ஒவ்வொரு முறையும் முழு அகலம் ஓடியாகவேண்டும். ஓடி வருவதற்குள் ஒரு விநாடி இடைவெளி தெரியும். ஆனால் ஓரக் கோட்டில் போய் மாட்டிக்கொள்ளக்கூடாது. அந்தக் கோடு எதிரணியின் எட்டாவது ஆள்.

இரண்டு, அந்த ஒரு விநாடியில் நடுவில் நிற்கும் பாப்பருக்குத் தாழ்வாக, வேகமாக, நிறையச் சுழற்சியோடு ஐந்தாறு மீட்டர் எறி. சுழற்சி இருந்தால் காற்று அசைக்காது. மூக்கு கீழேயே இருக்கட்டும்.

மூன்று, உள்ளே நுழைந்தபின் நின்று மூச்சு வாங்காதே. கப்பின் மூன்று பேரும் இப்போது உன் முதுகுக்குப் பின்னால். அவர்கள் திரும்பி ஓடி வந்து மறுபடி சுவர் கட்டுவதற்குள் அடுத்த கைக்கு, அதற்கடுத்த கைக்கு. அபிமன்யு உள்ளே போனதில் தப்பில்லை, தனியாகப் போனதுதான் தப்பு.

ஆட்டம் ஆரம்பித்தது. மேற்கே பார்த்து நாங்கள். தட்டு என்னிடம். "ஸ்டாலிங் ஒன்..." சுவர் கட்டினார்கள். பக்கத்தில் அக்கா பையனுக்குக் கொடுத்தேன். அவன் மறு கோடியில் ரெப்பிடம். மூன்று பேரும் ஓடினார்கள். ரெப் அவனிடமே திருப்பினார். அவன் என்னிடம். மறுபடி ஓடிவந்தார்கள். வேப்பமரத்தடியில் சிலர் "என்னப்பா, கொலு சுண்டல் விநியோகமா?" என்றார்கள். நாலாவது சுற்றில் கப்பில் ஒருவர் இடுப்பில் கை வைத்தார். இரண்டு பேருக்கு நடுவே ஜன்னல் மாதிரி ஒரு சந்து. அந்தச் சந்தில் அவள். கையைத் தூக்கவில்லை. மூன்று தடவை தூக்கி ஏமாந்தவள், வெறுமனே என்னைப் பார்த்தாள்.

எறிந்தேன். முழங்கால் உயரத்தில் போன தட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அப்பளம் மாதிரி அமுக்கிப் பிடித்தாள். அடுத்த விநாடி அது அவள் கையில் இல்லை, பாலிடெக்னிக்கிடம். அவனிடமிருந்து ஓரத்து ஆளுக்கு. கப் திரும்பி ஓடிவருவதற்குள் கோல்.

8-4. டிக்கெட் கடைசி சீட் வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அதே வியாபாரம். அவள் நடுவில் நிற்பது, நாங்கள் பக்கவாட்டில் கொடுத்துக்கொண்டே இருப்பது, சந்து தெரிந்ததும் உள்ளே. இரண்டு தடவை விட்டாள். யாரும் திட்டவில்லை. நானும் இரண்டு விட்டிருந்தேன். ஒரு கட்டத்தில் சென்னைக்காரர்கள் நடுவில் இன்னோர் ஆளை இழுத்துப் போட, கடைசிப் பக்கம் காலியாகி, பேங்க் தம்பியின் ஹாமருக்குக்கூட நல்ல காலம் வந்தது. எட்டுக்கு மூன்று என்றிருந்தது மெல்ல மெல்ல 13-12 ஆயிற்று.

* * *

இப்போது அந்த ரெஃப்ரி விஷயம்.

13-12. எங்கள் முறை. அவளிடமிருந்து அக்கா பையனுக்கு, அவனிடமிருந்து கோலுக்குள் ஓடிய எனக்கு. ஓடியது நான்தான், நம்புங்கள். தட்டு தாழ்ந்து வந்தது. குப்புற விழுந்து பிடித்தேன். புழுதி. எங்கள் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். பதின்மூன்று சமம்!

என் மேல் வந்து நின்ற சென்னைப் பையன் மூச்சு வாங்கக் கேட்டான்: "அண்ணா, டவுனா?"

தட்டு தரையைத் தொட்டதா என்று அர்த்தம். என் முதுகு மறைத்ததில் அவன் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களும் பார்க்கவில்லை. பார்த்தது இரண்டே பேர். நானும் தரையும். தரை பேசாது.

என் விரல் அடியில் போவதற்கு ஒரு நூல் முன்னால் தட்டின் விளிம்பு மண்ணைத் தொட்டிருந்தது. 'தெரியலையே தம்பி' என்று சொல்லலாம். பொய்கூட இல்லை, அரைப் பொய். அந்தக் கணம் என் எதிரே பத்து வரை எண்ண யாருமில்லை. ஆனாலும் உள்ளே எண்ணிக்கை கேட்டது.

ஏழிலோ எட்டிலோ வாயைத் திறந்தேன்.

"டவுன்தான் தம்பி."

பேங்க் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். தட்டு அவர்கள் கைக்குப் போனது. காற்று முதுகில் தள்ள ஒரு கோல். அடுத்தது ஒன்று. 15-12. முடிந்தது.

இரண்டாம் பாதியை மட்டும் தனியாக எடுத்தால் 9-7, ஜெயித்தது நாங்கள். எந்தக் கணக்கை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று பி.காம். படித்தவனுக்குச் சொல்லித்தரவேண்டாம்.

கை குலுக்கி முடித்து, சட்டையில் மண் தட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். பெரியவர் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் பையோடு நின்றாள். தீர்ப்புக்குக் காத்திருக்கிற முகம்.

"ஏன் தம்பி, அந்தத் தட்டு கீழ பட்டுச்சுன்னு நீங்களாவா சொன்னீங்க?"

"ஆமா சார். இதுல ரெஃப்ரி கிடையாது. நாமதான் சொல்லணும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலடி போனவர் திரும்பினார்.

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல, 'நான் டிக்கெட் எடுக்கல'ன்னு தானா எந்திரிச்சுச் சொன்ன ஆளை நான் பாத்ததில்ல தம்பி. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினாத்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. மகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தோற்ற வலியும் முட்டி வலியும் ஒரு வாரம் இருந்தன. அந்தப் பெண் வருவாளா மாட்டாளா என்று யாருக்கும் தெரியவில்லை. போன் பண்ணிக் கேட்கவும் தயக்கம்.

அடுத்த ஞாயிறு. ஐந்தே முக்கால். கொள்ளிட மணலில் நாங்கள் வழக்கம்போல ஓரமாகக் கூடி நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம். கரைமேல் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வந்து நின்றது. அவள் இறங்கினாள். பின்னாலேயே, ஆறு மைல் கேட்கும் குரல் ஒன்று மணல் முழுக்கப் பரவியது:

"ஏன் எல்லாரும் ஓரத்துலயே நிக்கிறீங்க? நடுவுல எடம் இருக்கு... உள்ள போங்க, உள்ள போங்க!"